ஷியாட்சு: பாயில் படுக்கும் முன் கேட்க வேண்டியதும் படுத்த பின் நடப்பதும்

கேள்வி களுவாஞ்சிக்குடியில் இருந்து வந்திருக்கிறது. தம்பி அறுகம்பையில் வேலை செய்கிற விடுதியில் ஷியாட்சு என்கிற ஜப்பானிய அமத்தல் முறையைச் செய்கிற ஒருவர் இருக்கிறாராம். அம்மாவுக்கு 61 வயது, இரண்டு வருடமாக நாரி (கீழ்முதுகு) நோவு, சீனியும் பிரஷரும் இருக்கிறது. எண்ணெய் போடுவார்களா, உடுப்புக் கழற்ற வேண்டுமா, நோகுமா, எத்தனை தரம் போக வேண்டும், அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடுப்புக் கழற்றத் தேவையில்லை. எண்ணெயும் இல்லை. ஷியாட்சுவை நாம் பழகிய எண்ணெய் உருவலில் இருந்து பிரிப்பதே இந்த இரண்டும்தான். ஜப்பானிய மொழியில் ‘ஷி’ என்றால் விரல், ‘ஆட்சு’ என்றால் அழுத்தம். இங்கே உருவுவது கிடையாது, அமத்துவதுதான். தோலில் எண்ணெய் இருந்தால் பெருவிரல் வழுக்கும், வழுக்கினால் ஒரே இடத்தில் நேராகப் பாரம் இறக்க முடியாது. பருத்தித் துணி ஒன்று நடுவில் இருந்தால் விரலுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. ஷியாட்சு என்று போர்டு போட்டுவிட்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்து உடுப்பைக் கழற்றச் சொன்னால், அவர் செய்யப்போவது வேறு ஏதோ. எழும்பி வந்துவிடுங்கள்.

இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தொகுஜிரோ நமிகோஷி (1905–2000). சிறுவனாக இருந்தபோது தாயாரின் மூட்டு நோவுக்குக் கையால் அமத்தி அமத்திப் பழகியவர். 1940இல் டோக்கியோவில் ஷியாட்சு கல்லூரி தொடங்கினார். 1955இல் ஜப்பானியச் சட்டத்தில் ஷியாட்சு என்ற சொல் இடம்பிடித்தது. இன்றும் அங்கே இந்தத் தொழில் செய்ய மூன்று வருடம் படித்துத் தேசியப் பரீட்சை எழுத வேண்டும். அவருக்குப் பின் வந்த ஷிசுதோ மசுனாகா (1925–1981) உளவியல் படித்தவர். பெருவிரலோடு நிற்காமல் உள்ளங்கை, முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் பாவித்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சீன மருத்துவத்தின் சக்தி ஓட்டப் பாதைகளின் வழியே அமத்துகிற பாணியைக் கொண்டுவந்தார். ஜப்பானுக்கு வெளியே பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் வந்தவர்கள். கரையோர விடுதிகளில் நீங்கள் சந்திப்பதும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

அமத்துவது என்றவுடன் பலம் என்று நினைக்கிறோம். அது பலம் அல்ல, பாரம். செய்கிறவர் உங்கள் பக்கத்தில் முழங்காலில் நிற்பார். கை மடியாமல் நேராக இருக்கும், தோள் தளர்ந்திருக்கும். பெருவிரலின் நுனியை அல்ல, அதன் சதைப்பற்றான பகுதியை முள்ளந்தண்டில் இருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி, நீளவாக்கில் ஓடுகிற தசை மேல் வைப்பார். நீங்கள் மூச்சை வெளியே விடும்போது தன் இடுப்பை மெல்ல முன்னே சாய்ப்பார். அவருடைய உடம்பின் பாரம் தோள் வழியாக இறங்கி விரலுக்கு வரும். தோலுக்கு நேர் செங்குத்தாக மூன்று முதல் ஏழு செக்கன் வரை அப்படியே நிற்கும். பிறகு இறங்கிய அதே வேகத்தில் மெல்ல எழும்பும். மற்றக் கை சும்மா இருக்காது. நாரியிலோ வயிற்றிலோ அசையாமல் வைத்திருப்பார். அதைத் தாய்க் கை என்பார்கள். ஒரு கை நடக்கும்போது ஒரு கை அசையாமல் கிடந்தால் படுத்திருப்பவரின் உடம்பு அடுத்த அமத்தலுக்குப் பயந்து இறுகாது.

தெரியாதவர் செய்யும்போது பிழைப்பதும் இந்த இடத்தில்தான். கையை மடித்து, தோளை உயர்த்தி, தசை பலத்தால் முண்டுவார். அவருடைய விரல் நடுங்கும். உங்கள் தசை அதை எதிர்த்து இறுகும். இரண்டு பேரும் களைப்பதுதான் மிச்சம். இன்னொரு பிழை, சடாரென்று கையை எடுப்பது. மெல்ல இறங்கிய பாரம் திடீரென்று விலகினால் தசை துள்ளிப் பிடிக்கும். மூன்றாவது பிழை நீண்ட நகம். பெருவிரல் நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பார்வையில் ஆளைக் கணிக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் நகத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அவர் என்ன கேட்கிறார் என்பது. முதல் தடவை என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் கேள்விக்கே போக வேண்டும். எங்கே நோவு, எப்போதிருந்து, காலுக்கு இறங்குகிறதா, என்ன மருந்து, என்ன சத்திரசிகிச்சை, விழுந்தது உண்டா, பெண் என்றால் பிள்ளைத்தாய்ச்சியா. இவற்றைக் கேட்காமல் ‘படுங்க’ என்கிறவரிடம் உடம்பைக் கொடுக்க வேண்டாம். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். எங்கே அமத்துவது என்பது புத்தகத்தில் இருக்கிறது. யாரை அமத்தக் கூடாது என்பது அந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவின் கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள். அறுகம்பையில் செய்கிறவர் வெளிநாட்டுக்காரர் என்றால் மருந்துப் பெயர்களை அந்தக் கொப்பியைப் பார்த்தே விளங்கிக்கொள்வார். மொழிபெயர்க்கத் தம்பி பக்கத்தில் இருப்பது நல்லது.

எந்த நேரத்தில் தொடவே கூடாது என்பதை விரிவாகச் சொல்கிறேன். நம்முடைய பகுதியில் சேதம் வருவது அதிகமும் இதைத் தெரியாததால்தான்.

காய்ச்சலோடு வருகிற உடம்பு உளைவு. மாரி மழையும் அதைத் தொடர்கிற மாதங்களும் டெங்கு காலம். டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் குத்தும், எலும்பெல்லாம் நோகும், யாராவது அமத்திவிட்டால் சுகமாக இருக்கும் போலிருக்கும். இரத்தத்தை உறையவைக்கும் இரத்தவட்டுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருக்கும் உடம்பை அமத்தினால் தோலுக்குக் கீழே இரத்தம் கசியலாம். காய்ச்சல் என்றால் ஷியாட்சு இல்லை, எண்ணெய் உருவலும் இல்லை. இரத்தப் பரிசோதனைதான்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நோவது. கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் மடக்கிய காலோடு வந்தவர், வெளிநாட்டில் இருந்து விமானத்தில் வந்து இறங்கியவர், சத்திரசிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தவர், அண்மையில் பிள்ளை பெற்றவர் ஆகியோருக்கு இது நாளத்தில் உறைந்த இரத்தக் கட்டியாக இருக்கலாம். ‘கால் உளையுது, கொஞ்சம் பிடிச்சு விடு மனே’ என்று அம்மா கேட்டவுடன் பிடித்துவிடுகிற காரியம் அல்ல இது. அமத்தினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தடித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ நோவு, வியர்வை. இதை வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி முதுகை அமத்தச் சொல்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

நாரி நோவோடு சேர்ந்து மலசலம் போவது தெரியாமல் போனாலோ, தொடையின் உட்பக்கமும் கதிரையில் படுகிற இடமும் மரத்தாலோ, கால் பலம் குறைந்து பாதம் இழுபட்டாலோ முள்ளந்தண்டின் அடியில் நரம்புக் கொத்து நெரிபடுவதாக இருக்கலாம். அதற்கு அவசர சத்திரசிகிச்சை தேவைப்படலாம். முறிவு நெரிவு வைத்தியரிடமும் போக வேண்டாம், ஷியாட்சுவுக்கும் போக வேண்டாம். நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

வோர்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து குடிக்கிறவர்கள், எலும்பு தேய்ந்து பலவீனமானவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், வயிற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து மாதக் கணக்கு ஆகாதவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போகக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இதில் பயிற்சி உள்ளவர் மட்டும் செய்யலாம். அவரும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட மேடு, உட்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள இடம், தோளின் உச்சி ஆகிய மூன்றையும் பாரம்பரியமாகத் தவிர்ப்பார். கழுத்தின் முன்பக்கத்தில், நாடி துடிக்கிற இடத்தை, வயதானவர்களுக்கு யாரும் தொடக் கூடாது. அங்கே குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்திருந்தால் துண்டு பெயர்ந்து மூளைக்குப் போகலாம். கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது ஷியாட்சுவில் கிடையவே கிடையாது. யாராவது தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பத் தொடங்கினால் ‘வேண்டாம்’ என்று உரத்துச் சொல்லுங்கள்.

இனி, போகிற நாள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது போயிருக்க வேண்டும், ஆனால் வெறும் வயிறும் கூடாது. அம்மா மாதிரி சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் படுத்த இடத்தில் சீனி இறங்கிவிடலாம். பிரஷர் குளிசையையும் நிறுத்த வேண்டாம். சாறியைவிடத் தளர்ந்த சுடிதார் வசதி. ஆண்கள் சாரத்தை விட்டுவிட்டுத் தளர்ந்த காற்சட்டை போடலாம், ஏனென்றால் காலை மடக்கி நீட்டுகிற வேலையும் உண்டு. சங்கிலி, காப்பு, கொண்டை ஊசி, இடுப்புப் பட்டி எல்லாம் வீட்டில் இருக்கட்டும். முழு உடுப்போடும் தலையை மூடியபடியும் செய்யலாம் என்பதால் காத்தான்குடியிலும் கல்முனையிலும் உள்ள பெண்களுக்கு இது மற்ற மசாஜ்களைவிட இலகுவாக இருக்கும். பெண்ணுக்குப் பெண்தான் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்; கதவுக்கு உள்ளே ஒருவர் கூட இருக்க அனுமதியும் கேளுங்கள். நல்லவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

நிலத்தில் விரித்த பஞ்சு மெத்தையில் படுக்க வைப்பார்கள். பன்பாயும் அதன் மேல் இரண்டு மடிப்புப் போர்வையும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். கட்டில் மெத்தை சரிவராது. அமத்துகிற பாரத்தை மெத்தையே விழுங்கிவிடும். அம்மாவுக்கு நிலத்தில் இருந்து எழும்ப முடியாது என்றால் கதிரையில் இருத்தியும் செய்யலாம். குப்புறப் படுக்க முடியாதவர்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை கொடுப்பார்கள். நாரி நோவு உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் விரும்புவேன். குப்புறப் படுத்தால் நாரி உள்ளே வளைந்து நோவு கூடுகிறவர்கள் நிறையப் பேர்.

பொதுவாக வயிற்றில் கை வைத்துத்தான் தொடங்குவார்கள். அது பரிசோதனை, அழுத்தம் மிகக் குறைவு. அம்மா வயிற்றில் இன்சுலின் ஊசி போடுகிறவர் என்றால் அன்றைக்குப் போட்ட இடத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்தாலோ அமத்தினாலோ இன்சுலின் வேகமாக இரத்தத்தில் கலக்கும். பிறகு முதுகு, நாரி, பிட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதம், கை, தோள், பிடரி, தலை என்று ஒரு மணித்தியாலத்தில் உடம்பைச் சுற்றி வருவார். நோகிற இடத்திலேயே நின்று கொண்டிருக்க மாட்டார். நாரி நோவுக்குப் பிட்டத்திலும் தொடையின் வெளிப்பக்கத்திலும் அதிக நேரம் செலவழித்தால் அவர் வேலை தெரிந்தவர். நாரியை இழுத்துப் பிடித்திருப்பது பல நேரம் அங்கே இறுகிய தசைதான். மருதமுனையில் தறிக்குழியில் காலால் மிதித்தபடி இருந்து நெய்கிறவர்களுக்கும், அறுவடை முடியும் வரை குனிந்து நிற்கிறவர்களுக்கும் இறுகுவது அதே பிட்டத் தசைகள். நாள் முழுக்கத் தையல் மெஷினில் இருப்பவர்களுக்குத் தோள் உச்சியும் பிடரியும்.

நடுவில் குடல் சத்தம் போடும், நித்திரை வரும், சிலருக்குக் கண்ணீர் வரும். எல்லாம் உடம்பு தளர்வதன் அடையாளம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

நோகுமா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. நோவில் இரண்டு இருக்கிறது. இறுகிய இடத்தில் விரல் இறங்கும்போது ‘ஆ, அந்த இடம்தான்’ என்று வருகிற கனமான, அகலமான நோவு. அதோடு மூச்சுத் தானாக நீளும். அது சரி. பத்தில் ஐந்து ஆறுக்கு மேல் போக வேண்டாம். மற்றது கூர்மையாகக் குத்துவது, எரிவது, கரண்ட் அடித்த மாதிரிக் காலுக்கோ விரலுக்கோ ஓடுவது, மூச்சை அடைப்பது. அது நரம்பு, அல்லது எலும்பு, அல்லது அளவுக்கு மிஞ்சிய பாரம். உடனே சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருப்பதால் பலன் கூடுவதில்லை. ‘கொஞ்சம் மெல்லமா அமத்துங்க’ என்று சொல்ல நம் அம்மாமார் கூச்சப்படுவார்கள், பெரியவர் செய்கிறார், எப்படித் தடுப்பது என்று. போகும் முன் வீட்டிலேயே சொல்லி வையுங்கள்: கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள் என்று. செய்கிறவரிடமும் அதைச் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள்.

சீனி வருத்தம் நீண்ட காலம் இருந்தால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். அங்கே நோவு காவல் காக்காது. அமத்தல் கூடியது அம்மாவுக்கே தெரியாது. அதனால் பாதத்தை உள்ளங்கையால் மட்டும், பாரம் குறைத்து. விரலிடுக்கில் புண், வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புண் இருந்தால் அந்தக் காலை விட்டுவிட வேண்டும்.

முடிந்தவுடன் எழும்பக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, இருந்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து நிற்க வேண்டும். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் திடீரென்று நின்றால் தலை சுற்றி விழலாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் இருபது நிமிடமாவது காத்திருக்கட்டும். அன்றைக்குக் களைப்பும் அடுத்த நாள் தசையில் சிறு உளைவும் வரலாம், 48 மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தாலோ, நீலம் பாரித்தாலோ, புதிதாக விறைப்பு வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். ‘உடம்பில் இருந்து நஞ்சு வெளியேறுகிறது, அதுதான் நோகிறது’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். அமத்துப்பட்ட தசை நோகிறது, அவ்வளவுதான். எண்ணெய் இல்லாததால் குளிக்கத் தடை எதுவும் கிடையாது.

பலன் என்ன என்று நேர்மையாகச் சொன்னால்: தசை இறுக்கத்தால் வருகிற நாரி, பிடரி நோவு குறையும், நித்திரை நன்றாக வரும், மனம் ஆறும். இதைப் பலர் உணர்கிறார்கள். ஆனால் ஷியாட்சு பற்றிய ஆய்வுகள் சிறியவை, எண்ணிக்கையும் குறைவு. சக்தி ஓட்டப் பாதைகளை உடலைப் பிளந்து பார்த்துக் காட்ட முடியாது. அவற்றை எங்கே கை வைப்பது என்று நினைவில் வைத்துக்கொள்ள உதவும் வரைபடமாக எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைப் புள்ளியாக அதிகம் சோதிக்கப்பட்டது மணிக்கட்டு மடிப்பில் இருந்து மூன்று விரல் அகலம் மேலே, உட்பக்கம் இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் இருக்கும் இடம். சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலை அது குறைப்பதாகப் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சீனியை இறக்கும், பிரஷரைக் குணமாக்கும், விலகிய முள்ளந்தண்டுத் தட்டை உள்ளே தள்ளும் என்று யாராவது சொன்னால் அதில் உண்மை இல்லை.

எத்தனை தரம்? கிழமைக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கு. தொடங்கும் முன் அளந்து வையுங்கள்: அம்மாவால் எத்தனை நிமிடம் தொடர்ந்து இருக்க முடிகிறது, இரவில் எத்தனை தரம் நோவால் எழும்புகிறார், குனிந்து முற்றம் கூட்ட முடிகிறதா. நான்காவது முறைக்குப் பிறகும் இதில் ஒன்றுமே மாறவில்லை என்றால் நிறுத்துங்கள். பத்து முறைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். காசு எவ்வளவு, அதில் கை வைத்துச் செய்யும் நேரம் எவ்வளவு என்று முதலே கேளுங்கள். சீசன் காலத்தில் கரையோரத்தில் விலை உல்லாசப் பயணிகளுக்கு ஏற்றதாகவே இருக்கும்.

அம்மாவை அறுகம்பைக்குக் கூட்டிப் போவது பற்றி என் கருத்து, இப்போதைக்கு வேண்டாம். செய்கிறவர் கெட்டவர் என்பதற்காக அல்ல. களுவாஞ்சிக்குடியில் இருந்து பஸ்ஸில் போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், வர அதே அளவு. நாரி நோவுள்ள 61 வயதுக்காரிக்கு அந்த இருப்பும் குலுக்கலும் ஒரு மணித்தியாலத்தில் தளர்ந்ததையெல்லாம் திரும்ப இறுக்கிவிடும். இரண்டு வருட நோவுக்கு இதுவரை எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றால் அது முதலில். எலும்பின் நிலை தெரியாமல் அந்த வயதில் முதுகை அமத்தக் கூடாது. கிளினிக்கில் கேட்டு இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே சொல்லித்தரும் பயிற்சிகளுக்குக் காசு இல்லை. பேரப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தேய்ந்த முள்ளெலும்பு பத்து வயதுப் பிள்ளையின் பாரத்திலும் நசுங்கலாம்.

எலும்பு நன்றாக இருக்கிறது என்று வைத்தியர் சொன்ன பிறகு வீட்டிலேயே நீங்கள் செய்யக் கூடியது இது. அம்மாவைப் பன்பாயில் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்கால் நடுவே தலையணை கொடுங்கள். பின்னால் முழங்காலில் நின்று, பெருவிரல் வேண்டாம், உள்ளங்கையை முள்ளந்தண்டுக்குப் பக்கத்துத் தசையில் வையுங்கள். தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, அவர் மூச்சு விடும்போது ஐந்து செக்கன் சாய்ந்து, ஐந்து செக்கன் விட்டு, ஒரு உள்ளங்கை அகலம் கீழே நகர்ந்து இடுப்பெலும்பு வரை போங்கள். மூன்று சுற்று, பிறகு மறுபக்கம் திருப்பி மூன்று சுற்று. முழங்கையோ முழங்காலோ பாவிக்க வேண்டாம். முள்ளந்தண்டின் மேல் நேரே கை வைக்க வேண்டாம். கடைசியாக, நாரிக்குக் கீழே இரண்டு பிட்டத்துக்கும் நடுவில் இருக்கும் தட்டையான எலும்பில் உள்ளங்கையை வைத்து, கையின் பாரம் மட்டும் இறங்க, ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருங்கள். எலும்பின் மேல் கை வைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில்தான் நித்திரையாகிப் போவார்கள். அப்படியென்றால் எழுப்ப வேண்டாம்.